பதினொரு பீப்பாய் புகை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வடிசாலையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த மூக்குதான் அவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறது. விஸ்கி வடிக்கிற இடத்தில் ஒவ்வொரு பீப்பாயாக முகர்ந்து, இது புட்டிக்குப் போகலாம், இது இன்னும் கிடக்கட்டும், இது எதற்கும் ஆகாது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'மூக்கு' என்பதே என் பெயராகிவிட்டது.

இந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. முகர்வதற்கு முன்னால் காகிதம் எதையும் பார்க்கக்கூடாது. எந்தப் பீப்பாய், எந்த வருடம், யார் கைபட்டது என்று எதுவும் தெரியக்கூடாது. நிறம் பார்த்து ஏமாறாமலிருக்க நீலக் கண்ணாடிக் கிளாஸ், அதன் அடியில் ஒரு எண், அவ்வளவுதான். விஷயம் தெரிந்துகொண்டு முகர்ந்தால் மூக்கு பொய் சொல்லும். பெரிய பெயர் காதில் விழுந்ததும் தேன் மணக்கிறது, பூ மணக்கிறது என்று வழியும். இதில் நான் ரொம்பக் கறார். வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த ஓர் அதிகாரியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை, எனக்கும் அதில் வருத்தமில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் ஆறு கிளாஸை வரிசையாக வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். கிடங்குக்காரர் சுவரோரம் நின்றார். பீப்பாயிலிருந்து மாதிரி எடுத்துவருவது அவர்தான். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிவிட்டாரென்றால் அன்றைக்கு மழை பெய்யும்.

முதல் கிளாஸில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். மூன்றாவதை முகர்ந்துவிட்டு, "இதை எதுல ஊத்தி வச்சிருந்தீங்க, பழைய செருப்புலயா?" என்று கேட்டேன். மேலாளர் சிரித்தார். வழக்கமாக அவர் என் கிண்டலுக்குச் சிரிப்பவர் இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நாலாவது கிளாஸை எடுத்தேன். புகை வருகிறது என்று தெரிந்ததும் ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். புகை ஏறிய சிங்கிள் மால்ட் விஸ்கியை அப்படித்தான் அணுக வேண்டும். கிட்டே கொண்டுபோய்ச் சர்ரென்று இழுக்கிற அவசரக்காரனுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். வாயை லேசாகத் திறந்துவைத்து, மெதுவாக, முதலில் ஒரு துளை, அப்புறம் மற்றது. கண்ணைக் கரிக்கிற புகையாக இல்லை. தண்ணீர் தெளித்து அணைத்த விறகிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து வருமே, அந்த வாசம். அதற்குப் பின்னால் காயத்துக்குத் தடவுகிற டிஞ்சர். அதற்கும் பின்னால் உப்பு. சரி, இவ்வளவுதான் போல என்று கீழே வைக்கப்போனேன். அப்போதுதான் எலுமிச்சைத் தோல் வந்தது. நகத்தால் கீறினால் விரலைவிட்டுப் போகாமல் நிற்குமே, அது.

மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் பட்டதும் உள்ளே மூடிக்கிடந்த இன்னொரு கதவு திறந்தது. வறுத்த தானியம், தேன், மழைக்குப் பிறகு வெயில் பட்ட மரப்பலகை. ஒரு வாய் எடுத்தேன். முதலில் இனிப்பு, அது எண்ணெய் மாதிரி நாக்கின் ஓரங்களில் படிந்தது. புகை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தொண்டைக்குள் இறங்குகிற நேரத்தில் பின்னாலிருந்து எழுந்து மூக்கு வழியாக மெல்ல வெளியே போனது. அந்த அறையில் யாரும் விழுங்க மாட்டோம், துப்பிவிடுவோம். நான் விழுங்கியிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்தும் அது வாயில் இருந்தது.

சீட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று எழுதினேன். அதற்கு முன் தொண்ணூற்றொன்றை நான் தாண்டியதே இல்லை.

"இதை யார் செஞ்சது? அவன் கால்லயே விழலாம் போல இருக்கு," என்றேன்.

"அப்ப உங்க கால்லயே நீங்க விழுந்துக்கணும்," என்றார் மேலாளர். பையிலிருந்து ஓர் அச்சுத்தாளை எடுத்து மேஜையில் விரித்தார். "பின் கிடங்குல பதினோரு பீப்பாய் கிடந்துச்சே, நினைவிருக்கா? பன்னெண்டு வருஷம் ஆச்சு. சும்மா திறந்து பாத்தோம். அசந்துட்டோம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. கிடங்குக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"உலைக்காரர் சரக்கு," என்றார் கிடங்குக்காரர்.

அச்சுத்தாள் புட்டியில் ஒட்டப்போகிற தாளின் மாதிரி. 'கட்டுக்கடங்காத புகை. எங்கள் தலைமை மூக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் துணிந்து செய்த சோதனை' என்று போட்டிருந்தது. கீழே என் படம். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

உலைக்காரர் என் அத்தான். கூடப்பிறந்த அக்காவின் கணவர். முளைகட்டிய பார்லியைக் காயவைக்கிற உலையைப் பதினாறு வருடம் அவர்தான் பார்த்தார். உலைக்கு அடியில் பீட் எரியும். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி அது. அந்தப் புகை பார்லியில் ஏறுவதால்தான் விஸ்கிக்குப் புகை மணம். எவ்வளவு ஏறலாம், எப்போது போதும் என்பதெல்லாம் அத்தானின் கைக்குத்தான் தெரியும். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வாயில் ஈ போவது தெரியாமல் திரிந்துகொண்டிருந்த என்னைக் கூட்டிக்கொண்டுபோய், "இவனுக்கு மூக்கு நல்லா வேலை செய்யுது சார்" என்று சொன்னவர்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு தடவை வடித்த சரக்கில் புகை கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது. சேர்ந்து ஏழு வருடமாகியும் அப்போது நான் தற்காலிகம்தான். மேலாளர் என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். 'சாம்பல். தீய்ந்த கயிறு. புட்டிக்கு லாயக்கில்லை' என்று எழுதினேன். அதோடு என் வேலை முடிந்தது. அந்தப் படிவத்தில் கடைசியாகக் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை யாரும் நிரப்புவதில்லை. மேலாளர் விரலால் அதைத் தட்டி, "இதையும் எழுதிடுங்களேன். நிரந்தரம் ஆகப் போறவர் நீங்க, ஒரு முடிவு சொல்லத் தெரியணும்" என்றார்.

'உலைக்காரரின் கவனக்குறைவு' என்று எழுதினேன்.

புகை அதிகம் என்று மூக்கு சொல்லும். ஏன் அதிகம் என்று எந்த மூக்குக்கும் தெரியாது. உலையின் வேலை நேரக் குறிப்பேடு எதிர் அலமாரியிலேயே இருந்தது, எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் கைக்கு எட்டியிருக்கும். நான் காகிதம் பார்க்காமல் முகர்கிறவன் அல்லவா, அந்தப் பெருமையில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு மனிதனின் பிழைப்பை எழுதி முடித்தேன். "நெருப்பில்லாம புகையுமா" என்று சொல்லிக்கொண்டே மேலாளர் தாளை வாங்கிக்கொண்டார். அதே மாதம் அத்தானை அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் நான் நிரந்தரமானேன். அந்த ஒரு வரி அவர் போன இடத்துக்கெல்லாம் அவருக்கு முன்னால் போய் நின்றது. எந்த வடிசாலையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் கொதிகலன் பார்க்கப் போனார்.

இதில் இன்னொரு அசிங்கமும் இருக்கிறது. புதுச் சரக்கில் முரட்டுத்தனமாக நிற்கிற புகை, பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்தால் அடங்கும். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. எனக்குத் தெரியும். தெரிந்துதான் லாயக்கில்லை என்று எழுதினேன், என் மூக்கு எவ்வளவு கூர்மை என்று காட்டுவதற்காக. அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. அம்மா செத்தபோது மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தோம். தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவள் என்னைக் கேட்கவில்லை.

இத்தனையும் எனக்கு அந்த அறையில், வாயில் அந்தப் புகை இன்னும் இருக்கும்போதே, திரும்பத் திரும்ப வந்தது. அச்சுத்தாளை எடுத்து நாலாகக் கிழித்தேன்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா சார்? அந்த மனுஷனை இதே சரக்குக்காகத்தான் வெளிய தள்ளுனீங்க. இப்ப அதுலயே என் மூஞ்சியை ஒட்டி விக்கப் போறீங்களா?"

"கத்தாதீங்க. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும்."

"எழுதினது நீங்க," என்றார் மேலாளர், ரொம்ப நிதானமாக. "நான் எழுதலை."

நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவர் பெயரைப் போடு, இது அவர் சரக்கு, என் படத்தைத் தூக்கிக் குப்பையில் போடு, இல்லாவிட்டால் தொண்ணூற்றாறும் கிடையாது ஒன்றும் கிடையாது, இந்த மூக்கு இனி இங்கே எதையும் முகராது என்றேன். மேலாளர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டார். பாதியில் தட்டுவது நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இது நல்லாருக்கே," என்றார். "வேலையை விட்டு அனுப்பின உலைக்காரர். அன்னைக்கு யாரும் புரிஞ்சுக்காத துணிச்சல். உங்க படத்தை விட இது நல்லா போகும். அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலமே புதுத் தாள் வந்தது, 'கட்டுக்கடங்காத புகை. ஓர் உலைக்காரரின் துணிச்சல்' என்று. அதையும் சின்னப் புட்டியில் கொஞ்சம் சரக்கையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போதெல்லாம் மேலாளரை எப்படிக் கிழித்தேன் என்று அவர்களுக்குச் சொல்வதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"அத்தானைப் பாக்கணும்."

"உள்ளதான் இருக்காரு."

அத்தான் தரையில் செய்தித்தாள் விரித்து, மேஜை மின்விசிறியைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா, உக்காரு" என்றார். நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவனைச் சொல்வது போல. நான் புட்டியைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. காகிதம் காட்டாமல்தான் கொடுத்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கண்ணை மூடவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே முகர்ந்தார். விரலைத் தண்ணீரில் நனைத்து ரெண்டு சொட்டு உதறிவிட்டு, மறுபடி முகர்ந்து, பிறகுதான் ஒரு வாய் எடுத்தார்.

"பீட் நல்ல பீட். ஆழத்துல வெட்டினது," என்றார். "மேல்மண்ணுல வெட்டினா இவ்வளவு உப்பு வராது. பீப்பாய் புதுசு இல்லை, ஒரு தடவை உபயோகிச்சது. அதான் மரம் அடக்கமா நிக்குது. வடிச்சவன் அவசரப்படலை." இன்னொரு வாய் எடுத்தார். "புகை முதல்ல ரொம்ப இருந்திருக்கும். இப்ப இறங்கி வந்திருக்கு. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு."

நான் அரைமணி நேரம் முகர்ந்து கண்டுபிடித்ததைவிட அதிகமாக அவர் ரெண்டு வாயில் சொல்லிவிட்டார்.

"உங்க சரக்குதான் அத்தான்," என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். மேலாளரிடம் கத்தியதைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இதை நான் செய்யலையே," என்றார் அத்தான்.

"அடக்கமெல்லாம் எதுக்கு அத்தான்? உலகத்துக்குத் தெரியட்டும்."

டம்ளரைக் கீழே வைத்தார். அத்தான் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கள் குடும்பத்தில் கோபமெல்லாம் என் வசம்தான் என்று நினைத்திருந்தேன்.

"அன்னைக்குக் கவனக்குறைவுன்னு எழுதின. இன்னைக்குத் துணிச்சல்னு எழுதி எடுத்துக்கிட்டு வந்திருக்க. ரெண்டு தடவையும் என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

நான் புட்டியின் மூடியைத் திருகி மூடினேன்.

"என் கையில கட்டுப் போட்டிருந்துச்சு. அந்தக் கட்டோடதான் உன் முன்னாடி நின்னேன். அது என்னன்னாவது கேட்டியா?"

"தூங்கி விழுந்து சுட்டுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நெனச்ச," என்றாள் அக்கா. "பன்னெண்டு வருஷமா இதே வீட்டுலதான் இருக்கோம். இதே கதவுதான். ஒரு நாளாவது வந்து நெனச்சது சரியான்னு கேக்கணும்னு தோணுச்சா? இப்பவும் அந்த ஆளைத் திட்டின கதையைத்தான் தூக்கிக்கிட்டு வந்திருக்க. உனக்குக் கோபம் வந்துட்டா நீ நல்லவன்னு அர்த்தமா?"

ஐந்து நாளாக மேலாளர் மேல் நான் எரிந்ததெல்லாம் எனக்கு அந்த இடத்தில் கேவலமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. போயிருந்தால் அதுவும் என் வழக்கப்படிதான் இருந்திருக்கும்.

"என்ன நடந்துச்சு அத்தான்?" என்று கேட்டேன்.

விசிறியின் ஓர் இறக்கையைத் துடைத்து முடித்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். உலைக்கு மேலே புகை வெளியேறுகிற வழியில் ஓர் இரும்புத் தகடு உண்டு. அதைத் திறந்து மூடித்தான் புகையின் அளவைச் சரிசெய்வார்கள். அது துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் ரெண்டு தடவை குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். ஒரு தடவை மேலாளரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றாராம். அன்றைக்குப் பாதிக்கும் மேலே மூடிக்கொண்டு புகை முழுக்க உள்ளேயே நின்றுவிட்டது. நெருப்பைத் தணித்துவிட்டு, ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு மேலே ஏறி, கம்பியால் நெம்பினார். அசையவில்லை. கடைசியில் கையால் பிடித்து இழுத்திருக்கிறார்.

"உள்ளங்கைத் தோல் தகட்டோட போயிடுச்சு," என்றார். "புகையைக் குறைக்கத்தான்டா அத்தனையும். இப்ப அந்தப் புகையை நான் வேணும்னு ஏத்தினேன்னு எழுதினா, அவன் தகட்டைச் சரி பண்ணாதது எங்க போகும்? மறுபடியும் என் பேராலதான் மூடப் பாக்குறான். இந்தத் தடவை நல்ல பேரால."

மேலாளர் முகத்தில் வந்த வெளிச்சம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்தத் தடவை கத்தவில்லை.

"அக்கா, ஒரு தாள் குடு."

கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். தலைமை அலுவலகத்துக்கு என்று மேலே போட்டு எழுத ஆரம்பித்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது பொய், குறிப்பேட்டைப் பார்க்காமல், சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல், மேலாளர் சொன்னதால் எழுதினேன் என்றேன். தகட்டைப் பற்றி எழுதினேன். மூன்று தடவை குறிப்பேட்டில் பதிந்தார் என்று எழுதியதை அத்தான் எட்டிப் பார்த்து, "குறிப்பேட்டுல ரெண்டு தடவைதான். ஒண்ணு வாய்மொழி" என்று திருத்தினார். திருத்தினேன்.

"இதைக் குடுத்தா உன் வேலை இருக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்காது."

அவள் அதற்கு ஐயோ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

கடைசி வரியாக, 'அன்று அவர் ஒரு நிமிடம்கூடக் கண் அசரவில்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"அதை அடி," என்றார் அத்தான்.

"ஏன் அத்தான்?"

"தகடு திறந்து புகையெல்லாம் போனதுக்கப்புறம் படியில உக்காந்தேன். கை எரிச்சல் ஒரு பக்கம், களைப்பு ஒரு பக்கம். அப்படியே தூங்கிட்டேன். அரை மணி நேரம் இருக்கும்."

"அதை எதுக்கு எழுதணும்? வேலையெல்லாம் முடிஞ்சப்புறம்தானே. இதை எழுதினா அந்த ஆள் மத்ததையெல்லாம் விட்டுட்டு இதை மட்டும் பிடிச்சுக்குவான். தூங்கினேன்னு நீங்களே சொல்லிட்டீங்கம்பான்."

"பிடிச்சுக்கட்டும்."

"அத்தான், நான் சொல்றதைக் கேளுங்க."

"நீதானேடா கேட்ட, என்ன நடந்துச்சுன்னு? இதுவும் நடந்துச்சு. எழுது."

எழுதினேன்.